மதிலுக்கு வெளியே பதினோரு நிமிடம்

தம்பி, லாரியை எடுக்கப்போறீங்களா? இல்லையா. பஞ்சரா. கிளீனர் டயரை உருட்டிக்கிட்டுப் போயிருக்காரா. ரொம்ப சந்தோஷம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க டயர் போனதுக்கு நான் சந்தோஷப்படலை. நீங்க உட்கார்ந்திருக்கிற அந்த சீட்டுலேர்ந்து பார்த்தா இந்த மதிலுக்கு அங்கிட்டு மைதானம் தெரியுதா? தெரியுதா. எங்க மஞ்சள் சட்டைப் பிள்ளைக ஒரு பக்கம், நீலச் சட்டைப் பிள்ளைக ஒரு பக்கம்? அப்போ ஒரு பதினோரு நிமிஷம் நீங்கதான் எனக்குக் கண்ணு.

நான் ஏறிப் பார்க்க முடியாது தம்பி. ஏறுற வயசுதான், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஏறக் கூடாது. மாவட்டச் சங்கத்துல எழுத்துலயே கொடுத்திருக்காங்க. இந்தாங்க, படிச்சுக் காட்டுறேன். 'பயிற்சியாளர் திரு. சந்தனக்குமார், மீதமுள்ள பதினோரு நிமிட ஆட்டம் முடியும்வரை மைதானத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே, எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருக்க வேண்டும். அவரிடமிருந்து குரலோ, சைகையோ, வேறு எந்தச் சத்தமோ வந்தால் ஆட்டம் எதிரணிக்கு வழங்கப்படும்.' வேறு எந்தச் சத்தமோ. கவனிச்சீங்களா? எனக்குத் தும்மல் வந்தா நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும்.

அதனாலதான் உங்களைப் பிடிச்சு வச்சுப் பேசுறேன். என் வாய் சும்மா இருந்தா தானா கத்திரும். இப்படி மெதுவா பேசிக்கிட்டே இருந்தா அதுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆச்சு. நான் ஒரு வார்த்தை கத்தினா அந்தப் பதினோரு பிள்ளைகளும் தோத்துப் போயிரும். பதினாலு வருஷமா பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல பி.டி. சாரா இருக்கேன். ஒரு தடவைகூட எங்க டீம் ஃபைனல் பார்த்தது இல்லை. இப்போ செமிஃபைனல். ஒண்ணுக்கு ஒண்ணு சமம். மிச்சம் பதினோரு நிமிஷம்.

விசில் சத்தம் கேட்டுச்சே, ஆரம்பிச்சிட்டாங்களா? நீலம் அவங்க கோல் பக்கத்துலேர்ந்து பந்தை அடிக்குதா. சரிதான். அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும். எதுக்கு அங்கேயிருந்துன்னு கேக்குறீங்களா? அதுதானே கதையே.

அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் தெரியுறாரா, ஒல்லியா, வழுக்கையா? அவர்தான் பிரிட்டோ. ரெஃப்ரி. தபால் ஆபீஸ்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா விசிலைக் கட்டிக்கிட்டு வந்துருவார். நல்ல மனுஷன், அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா தம்பி, அவருக்கும் எனக்கும் ஆகாது. எனக்கு அவர் மேல கோபம் இல்லை. நான் கோபப்படுற ஆளே இல்லை. ஊர்ல யாரை வேணா கேளுங்க. எங்க வீட்டுல மட்டும் கேக்காதீங்க.

இந்த சீசன்ல மூணு தடவை என்னை வெளியே அனுப்பியிருக்கார். மூணும் என்ன காரணம்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க, நியாயம் உங்ககிட்டயே விடுறேன். முதல் தடவை, இடைவேளையில மைக்கை வாங்கி சட்டப் புத்தகத்துலேர்ந்து ஒரு பக்கம் படிச்சேன். ஒரே ஒரு பக்கம். ஆஃப்சைடு என்றால் என்னங்கிற பக்கம். எல்லாருக்கும் பொது அறிவு வளரட்டும்னுதான். அவரைப் பார்த்துப் படிச்சேன்னு சொல்றார். மைக் ஒயர் அந்தப் பக்கம்தான் எட்டுச்சு, நான் என்ன பண்ண?

ரெண்டாவது தடவை இன்னும் அநியாயம். எங்க பள்ளிக்கூடத்துல இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்துச்சு. நோட்டீஸ் நிறைய மிஞ்சிக் கிடந்தது. ஒரு நோட்டீஸை எடுத்துட்டுப் போய் ஆட்டத்துக்கு நடுவுல, பந்து வெளியே போன நேரமாப் பார்த்து, மரியாதையா ரெண்டு கையாலயும் அவர்கிட்ட நீட்டினேன். ஒரு மனுஷன் கண்ணு மேல இன்னொரு மனுஷனுக்கு அக்கறை இருக்கக் கூடாதா? சிவப்பு அட்டை. இதுல வேடிக்கை என்னன்னா, அவர் அந்த முகாமுக்குப் போயே போயிட்டார். போய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டு, கண்ணுல எந்தக் குறையும் இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டினார். "சார், ரொம்ப நன்றி, உங்க புண்ணியத்துல தெரிஞ்சுக்கிட்டேன்"ங்கிறார். எவ்வளவு குத்தல் பாருங்க.

என்ன, மஞ்சள் விழுந்துருச்சா? எந்தப் பிள்ளை? ரெட்டைச் சடையா, ஒத்தைச் சடையா? எந்திரிச்சிருச்சா. சரி, சரி. விசில் அடிச்சாரா? அடிக்கலையா. நான் ஒண்ணும் சொல்லலை. பாருங்க, நான் ஒண்ணுமே சொல்லலை. கையை மட்டும்தான் பிசைஞ்சுக்கிட்டிருக்கேன். இந்தச் சத்தம் உள்ளே கேக்காது.

தம்பி, உங்களுக்கு ஃபுட்பால் பழக்கம் இல்லையோ? கபடியா. அதுவும் நல்ல விளையாட்டுதான். அப்போ ஒண்ணு சொல்லிடுறேன், கதைக்கு வேணும். ஒரு பிள்ளையைத் தட்டி விட்டுட்டாங்கன்னா ரெஃப்ரி விசில் அடிச்சு ஆட்டத்தை நிறுத்தணும். ஆனா தட்டு வாங்கின பிள்ளைகிட்டயே பந்து வாட்டமா இருந்துச்சுன்னா, நிறுத்தினா அதுக்குத்தான் நட்டம்னா, விசில் அடிக்காம விட்டுடலாம். அட்வான்டேஜ்னு பேரு. ரெண்டு கையையும் முன்னால நீட்டிக் காட்டுவாங்க, பந்திக்கு வாங்கன்னு கூப்பிடுற மாதிரி.

போன ஞாயித்துக்கிழமை, இதே ஆட்டத்துல, மூணாவது தடவை என்ன ஆச்சு? முப்பத்தொன்பதாவது நிமிஷம். எங்க மோனிஷா பந்தை எடுத்துக்கிட்டு ஓடுது. ரெட்டைச் சடை, பார்த்தீங்கல்ல, அதுதான். இந்த மாவட்டத்துலயே அந்த வயசுல அப்படி ஓடுற பிள்ளை கிடையாது. நீலச் சட்டை ஒண்ணு பின்னாலேர்ந்து காலைக் கொடுத்துச்சு. மோனிஷா தடுமாறி, ஒரு கையைத் தரையில ஊன்றி, எந்திரிச்சு, மறுபடியும் ஓடுது. பிரிட்டோ விசிலுக்காகக் காத்திருக்கேன். விசில் வாய்க்கே போகலை. பந்திக்குக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறார். அது எனக்குக் கண்ணுல படலை. எப்படிப் படும்? என் கண்ணு பிள்ளையோட முழங்கால்ல இருக்கு.

என் கழுத்துல எப்பவும் விசில் தொங்கும். பதினாலு வருஷமாத் தொங்குது. குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுவேன். அநியாயத்தைப் பார்த்தா மனுஷனுக்கு என்ன வரும்? எனக்கு அது வாய்க்கு வந்துச்சு. ஒரு அடி அடிச்சேன். நீளமா.

இங்கதான் நீங்க என் பயிற்சியைப் புரிஞ்சுக்கணும். என் பிள்ளைக என் விசிலுக்கு எப்படி நிக்கும் தெரியுமா? வாயில ஊத்தின தண்ணியை முழுங்காம நிக்கும். சாயங்காலம் பயிற்சியில நான் விசில் அடிச்சா தூக்கின காலு தூக்கினபடி இருக்கும். ஹெட்மிஸ்ட்ரஸே வந்து பார்த்துட்டு, "சந்தனக்குமார் சார், அசெம்பிளியில இதுகளை இப்படி நிக்க வைக்க என்னால முடியலையே"ன்னாங்க. அப்பேர்ப்பட்ட ஒழுக்கம்.

மோனிஷா அப்போ எங்க இருந்துச்சுன்னா, கோலுக்கு முன்னால. எதிர்ல கோல்கீப்பர் மட்டும்தான். அந்தக் கீப்பரும் வழுக்கி உட்கார்ந்திருந்தது. அஞ்சு எட்டு வச்சிருந்தா பந்தோட உள்ளே போயிருக்கலாம். என் விசில் கேட்டுச்சு. நின்னுருச்சு. நின்னது மட்டும் இல்லை, என்ன ஒரு ஒழுக்கம் பாருங்க, குனிஞ்சு பந்தை ரெண்டு கையாலயும் எடுத்து, நெஞ்சோட வச்சுக்கிட்டு, "என்ன சார்?"ங்கிற மாதிரி என்னைப் பார்த்துச்சு.

நீங்க சிரிக்கிறீங்க. பரவாயில்லை. எல்லாரும் சிரிச்சாங்க.

பிரிட்டோ இப்போ விசில் அடிக்கிறார். இவ்வளவு நேரம் அடிக்காத மனுஷன். ஹேண்ட்பாலாம். நீலத்துக்கு ஃப்ரீ கிக்காம். நான் உள்ளே ஓடினேன். "என்ன ஹேண்ட்பால்? விசில் அடிச்சாச்சு, பந்து செத்துப்போச்சு, செத்த பந்தைக் கையில எடுத்தா என்ன, தலையில வச்சா என்ன"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"விசில் அடிச்சது யாரு சார்?"னார்.

"நான்."

"நீங்க ரெஃப்ரியா?"

"இல்லை. நீங்க அடிக்கலை, அதனால நான் அடிச்சேன்."

"நான் அட்வான்டேஜ் கொடுத்தேன் சார். உங்க பிள்ளைக்குக் கோல் கிடைக்கட்டும்னு கொடுத்தேன்."

"கிடைச்சுதா?"ன்னு கேட்டேன். அவர் சிவப்பு அட்டையை எடுத்தார். பதில் இல்லாதவங்க எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவர் அடிக்க வேண்டிய நேரத்துல அடிச்சிருந்தா நான் அடிச்சிருப்பேனா? நான் அடிக்கலைன்னா மோனிஷா நின்னிருக்குமா? அப்போ கோல் போனதுக்கு யார் காரணம்? நேரா கணக்குப் போட்டுப் பாருங்க, பிரிட்டோகிட்ட போய்த்தான் நிக்கும்.

நான் வெளியே போகமாட்டேன்னுட்டேன். பெனால்டி அடிக்கிறதுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும்ல, அது மேல போய் சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டேன். அகிம்சை வழி. நீலச் சட்டைப் பிள்ளைகளோட டீச்சரம்மா வந்து கெஞ்சினாங்க. எங்க கேப்டன் ஜெனிபர், கோல்கீப்பரும் அதுதான், அது வந்து, "சார், எந்திரிங்க சார், எல்லாரும் பார்க்கிறாங்க"ன்னுச்சு. "பார்க்கட்டும், உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்"னேன். "எங்களுக்காக எந்திரிங்க சார்"னுச்சு. சின்னப் பிள்ளை, அதுக்குப் போராட்டம்னா என்னன்னு தெரியலை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அடுத்த மேட்ச் டீமுக வந்து நின்னுக்கிட்டு சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. பிரிட்டோ கடிகாரத்தைப் பார்த்தார், பையைக் கட்டினார், போயிட்டார்.

அப்புறம்தான் சங்கத்துல கூப்பிட்டு விசாரிச்சாங்க. நேரா நீலத்துக்கே ஆட்டத்தைக் கொடுத்திருக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. கொடுக்கலை. ஏன்னா, இது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது, பிரிட்டோவே அவங்ககிட்ட, "பிள்ளைக என்ன தப்புப் பண்ணுச்சு, மிச்ச ஆட்டத்தை ஆட விடுங்க"ன்னு சொல்லியிருக்கார். குற்றம் செஞ்ச நெஞ்சு. வேற என்ன?

இருங்க. உள்ளே என்ன ஒரே சத்தமா இருக்கு? யாரோ கத்துறாங்களே. 'பின்னால ஆள், பின்னால ஆள்'னு. 'விடு, எனக்கு விடு'ன்னு. நீலப் பிள்ளைகளா? மஞ்சளா? எங்க பிள்ளைகளா? இருக்காது தம்பி, நல்லாப் பாருங்க. எங்க பிள்ளைக ஆட்டத்துல வாயே திறக்காதுகளே. பதினாலு வருஷத்துல ஒரு பிள்ளை கத்திக் கேட்டதில்லை நான். அந்தக் குட்டைப் பிள்ளையா கத்துது? தடுப்பாட்டத்துல, கண்ணாடி போட்டுக்கிட்டு? அது ஷர்மிளா. அது பேசும்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியுது. ஆமா, நான் கோட்டுப் பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சேர்த்து நானே கத்திருவேன், அதுகளுக்கு எதுக்குச் சிரமம்னு.

எத்தனை நிமிஷம் ஆச்சு? ஏழா. உங்க கடிகாரம் சரியா ஓடுதா? என் போனும் ஜெனிபர்கிட்டதான் இருக்கு. காலையில வாசல்ல வச்சு, "பாக்கெட்டைக் காட்டுங்க சார்"னுச்சு. காட்டினேன். கழுத்து விசிலைக் கழட்டிக்கிச்சு. பேன்ட் பாக்கெட்ல ஒண்ணு வச்சிருந்தேன், அதையும் எடுத்துக்கிச்சு. "சாக்ஸ்ல இருக்கிறதையும் கொடுங்க சார்"னுச்சு. எப்படித்தான் கண்டுபிடிச்சுச்சோ. போலீஸ் வேலைக்குப் போனா நல்லா வரும்.

என்ன? என்ன தம்பி? விசில் அடிச்சிட்டாரே. எதுக்கு? யாருக்கு? ரெஃப்ரி கையை எங்க காட்டுறார்? வெள்ளைப் புள்ளியையா? எந்தப் பக்கத்துப் புள்ளி? நீலம் பக்கமா? அப்போ எங்களுக்கு. எங்களுக்குத் தம்பி. பெனால்டி. எங்களுக்குப் பெனால்டி.

இருங்க, கொஞ்சம் குந்திக்கிறேன். என்ன நடந்துச்சு, பொறுமையாச் சொல்லுங்க. மோனிஷா அடிச்ச பந்து நீலப் பிள்ளை கையில பட்டுச்சா. கை எப்படி இருந்துச்சு? காட்டுங்க. அப்படியா? வயித்தோட ஒட்டியா? நீட்டலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒட்டித்தான் இருந்துச்சா.

ம்.

அப்படி ஒட்டி வச்ச கையில தானாப் பந்து வந்து பட்டா அது ஹேண்ட்பால் இல்லை. புத்தகத்துல தெளிவா இருக்கு. பன்னிரண்டாவது விதி. மைக்குல படிச்சுக்கூடக் காட்டலாம்.

என்ன தம்பி கேக்குறீங்க? தப்பான தீர்ப்பான்னா கேக்குறீங்க? பாருங்க, நாம எங்க இருக்கோம்? மதிலுக்கு வெளியே. அவர் எங்க இருக்கார்? பந்துக்குப் பக்கத்துல. கண்ணு நல்லாயிருக்குன்னு டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த மனுஷன். ரெஃப்ரின்னா ஒரு மரியாதை வேணாமா? ஆளாளுக்குக் கேள்வி கேட்டா அப்புறம் விளையாட்டு எப்படி நடக்கும்? அவர் சொல்றதுதான் கடைசி. அதை முதல்ல ஒத்துக்கணும். நீங்க கபடி ஆளு, உங்களுக்கு இதெல்லாம் போகப்போகப் புரியும்.

யாரு அடிக்கப்போறது? ரெட்டைச் சடையா. மோனிஷா. வலது மூலைக்கு அடிக்கணும், தாழ்வா. நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். அங்கேயிருந்து என்னைத் தேடும் தம்பி, எப்பவும் என் கையைப் பார்த்துட்டுத்தான் அடிக்கும். நான் அங்க இல்லையே. தேடுதா? தேடலையா. பந்தைத்தான் பார்க்குதா. சரி. நல்லதுதான்.

அடிச்சிருச்சா? என்ன ஆச்சு, சொல்லுங்க. தடுத்துருச்சா. கீப்பர் தட்டி வெளியே விட்டுருச்சா.

கீப்பர் எங்க நின்னு தடுத்துச்சு? கோட்டு மேலயா? கோட்டு மேல இல்லையா? மூணு எட்டு முன்னால வந்துருச்சா, அடிக்கிறதுக்கு முன்னாலயேவா? நிச்சயமாவா? அப்போ திரும்ப அடிக்கணுமே. கீப்பர் முன்னால வந்து தடுத்தா பெனால்டியைத் திரும்ப அடிக்கணும். ரெஃப்ரி என்ன பண்றார்? கார்னர் காட்டுறாரா? மூலையிலேர்ந்து அடிக்கிற கார்னரா கொடுக்கிறார்? ஏன் யாரும் கேக்கலை? அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும், நான் ஒருத்தன் ஒரே ஒரு வார்த்தை...

அந்தத் துணியைக் கொடுங்க. கிரீஸ் துணிதான், பரவாயில்லை, கொடுங்க.

ம்ம்ம். ம்ம்.

அப்பா. போதும். வாயிலேர்ந்து எடுத்துட்டேன். டீசல் வாசம் மூக்குல ஏறிருச்சு. பேசுனேனா? சத்தம் எதுவும் வரலைல்ல? வரலை. ஆனா அது என்ன சத்தம்? அங்கிட்டு ஒரே கூச்சல். மஞ்சள் எல்லாம் ஒரு குவியலாக் கிடக்கா? யாரு மேல? கண்ணாடிப் பிள்ளை மேலயா? ஷர்மிளாவா கோல் போட்டுச்சு? கார்னர் வந்த பந்தை? தலையாலயா? அது தடுப்பாட்டப் பிள்ளை, அதுக்கு அங்க என்ன வேலை? நான் இருந்திருந்தா பின்னாலயே நில்லுன்னு கத்தியிருப்பேன். 'ஷர்மி, மேல போ, மேல போ'ன்னு ஜெனிபர் கத்துச்சா? உங்களுக்குக் கேட்டுச்சா?

சரிதான்.

ரெண்டுக்கு ஒண்ணு. இன்னும் எவ்வளவு? ஒரு நிமிஷமா. தம்பி, கொஞ்சம் அந்தக் கதவைப் பிடிச்சுக்கிறேன். உங்க கிளீனருக்கு எத்தனை பிள்ளைக? உங்களுக்கு? எந்த ஊருக்கு லோடு? தென்னை நாரா. நல்ல லாபமா? ஏதாவது சொல்லுங்க, எதையாவது பேசுங்க.

மூணு விசில். நீளமா ஒண்ணு. முடிஞ்சிருச்சு. தம்பி, முடிஞ்சிருச்சு. இனிமே நான் தும்மலாம்.

வர்றார் பாருங்க பிரிட்டோ, ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டு. வாங்க சார். சத்தமே இல்லாததால நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு நினைச்சீங்களா? இங்கயேதான் நின்னேன். சார், மேட்ச் முடிஞ்சிருச்சுல்ல, இப்போ ஒண்ணு சொல்லலாம்ல? ரெண்டு சொல்லணும். அந்தப் பெனால்டி, கை வயித்தோட ஒட்டி இருந்துச்சு, கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துட்டீங்க, சரி, கீப்பர் முன்னால வந்துருச்சு, திரும்ப அடிக்க விட்டிருக்கணும். நான் எப்படிப் பார்த்தேனா? நான் பார்க்கலையே. இந்தத் தம்பி சாட்சி. சொல்லுங்க தம்பி. ஏன் சார் சிரிக்கிறீங்க? போறீங்களா? போய்ட்டு வாங்க. பார்த்துப் போங்க, முன்னால பள்ளம் இருக்கு.

தப்பை ஒத்துக்காம சிரிச்சுக்கிட்டே போறார் பாருங்க.

இந்தா, ஜெனி வருது. வா பாப்பா, வா. தொண்டை கட்டியிருக்கே உனக்கு. என்ன, எதையோ சொல்ல வந்துட்டு நிக்கிறே? பின்னால அத்தனை பேரும் ஏன் தள்ளி நிக்கிறீங்க? சொல்லு, சார் கோபப்படமாட்டேன். என்னைக்குக் கோபப்பட்டிருக்கேன்?

ம். ஓ. அப்படியா.

சரி பாப்பா. சரின்னுட்டேன்ல. போங்க, போய் எல்லாரும் தண்ணி குடிங்க. ஷர்மி, இங்க வா, கண்ணாடி உடைஞ்சிருக்கா பார்ப்போம். இல்லை, நல்லாத்தான் இருக்கு. போ.

கேட்டீங்களா தம்பி, அது என்ன சொல்லிட்டுப் போகுதுன்னு? "சார், ஃபைனலுக்கும் நீங்க இங்கயே நிக்கிறீங்களா?"ங்குது. சங்கத்தோட தடை இன்னையோட முடிஞ்சது. ஃபைனலுக்கு நான் உள்ளே பெஞ்சுல ஜம்முன்னு உட்காரலாம், முழு உரிமை இருக்கு. "எதுக்கும்மா?"ன்னேன். "இன்னைக்கு நல்லா இருந்துச்சு சார், ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேட்டுச்சு"ங்குது. எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்குக.

ராசி பார்க்குதுக. வேற ஒண்ணும் இல்லை. நான் மதிலுக்கு வெளியே நின்னா ஜெயிக்கிறோம்னு ஒரு நம்பிக்கை. சின்னப் பிள்ளைக, அதுக நம்பிக்கையைக் கெடுப்பானேன்? வேற என்ன அர்த்தம் இருக்கப்போகுது அதுல.

உங்க கிளீனர் வந்துட்டார். டயர் சரியாயிருச்சா? ஒரு நிமிஷம் தம்பி, கிளம்புறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஃபைனல். இதே மைதானம், காலையில ஒன்பது மணி. முழு ஆட்டம், ஐம்பது நிமிஷம். அன்னைக்கு உங்களுக்கு இந்தப் பக்கம் லோடு எதுவும் உண்டா?